வீடு வரைக்கும் ஓடுச்சே!

ரெண்டு வருஷத்துக்கு முன்னால், சீனப் பெருநாள் விடுமுறை முடிந்து தொழிற்சாலைகள் திறந்த முதல் திங்கட்கிழமை. கூலாயிலிருந்து செனாய் போகும் பழைய சாலையில், இன்னும் இருட்டு விலகாத காலை நேரத்தில், பதினோரு பெண்களை ஏற்றிக்கொண்டு போன என் வேன் நடுரோட்டில் நின்றுபோனது. அன்றைக்கு நடந்ததை யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிப்பார்கள். முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள் என்பேன்.

முதலில் என்னைப் பற்றி. செனாயில் ஒரு தொழிற்சாலையில் பத்து வருஷம் நின்றுகொண்டே வேலை செய்தவள் நான். காலில் நரம்பு சுருட்டிக்கொண்டதும், உட்கார்ந்து செய்கிற வேலையாகப் பாருங்கள் என்றார் டாக்டர். பார்த்தேன். ஆள் ஏற்றும் லைசென்ஸ் எடுத்து, ஒரு பழைய டீசல் வேன் வாங்கி, என்னோடு வேலை செய்த பெண்களையே தினமும் ஏற்றி இறக்க ஆரம்பித்தேன். பொம்பளை ஓட்டுகிற வேனா என்று முதலில் இழுத்த வீட்டுக்காரர்கள்கூட, ஒரு வருஷம் போனதும் என் வேன் என்றால் சரி என்று விட்டுவிட்டார்கள். ஒரு நாள் தாமதம் கிடையாது, ஒரு கீறல் கிடையாது. அந்தப் பேரை வைத்துத்தான் என் பிழைப்பு.

என் கணவருக்கு எல்லை தாண்டி சிங்கப்பூரில் வேலை. தினமும் விடியற்காலை நாலரைக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்புவார். போகிற வழியில் எண்ணெய் நிலையத்தில் நிறுத்தி, பாதித் தூக்கத்தில் பெட்ரோல் அடித்துக்கொண்டு போவார். எங்கள் ஊரில் பெட்ரோலுக்கு மஞ்சள் கைப்பிடி, டீசலுக்குக் கறுப்பு. பல வருஷமாக மஞ்சளையே பிடித்துப் பழகிய கை அவருடையது. வேனுக்கு எண்ணெய் போடுவது எப்போதும் நான்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர் தம்பி வீட்டு விசேஷத்துக்கு நாற்காலியும் பாத்திரமும் ஏற்ற வேனை எடுத்துப்போனார். சாயங்காலம் வந்து சாவியை என் கையில் வைத்தார். "எண்ண போட்டாச்சு. நாளைக்கு நீ வழியில நிக்க வேணாம்" என்றார். எனக்கு மனசே குளிர்ந்துவிட்டது. கேட்காமலே செய்திருக்கிறாரே என்று, ராத்திரிச் சாப்பாட்டுக்கு ரெண்டு மீன் கூடுதலாகப் பொரித்து வைத்தேன். அந்த ரெண்டு மீனை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

காலையில் அவர் போன பிறகு வேனை எடுத்தேன். சத்தம் சரியில்லை, டக்டக்கென்று அடித்தது. விடுமுறையில் அதிகம் ஓடாத வண்டி, ஓட ஓடச் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். பெண்களை ஒவ்வொருவராக ஏற்றினேன். முன் சீட்டில் எப்போதும் போல ஏழு மாதக் கர்ப்பிணிப் பெண். கடைசி சீட்டில் எங்கள் எல்லாருக்கும் மூத்த ஓர் அக்கா.

செனாய்க்கு முன்னால் ஒரு மேடு ஏறும்போது பெடலை மிதிக்கிறேன், வண்டி போகவில்லை. பின்னால் வெள்ளைப் புகை. சட்டென்று இஞ்சின் அணைந்தது. இஞ்சின் போனால் ஸ்டியரிங் கல்லாகிவிடும், பிரேக்கும் இறுகிவிடும். ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். முழு பலத்தையும் போட்டு ஓரத்துக்கு ஒடித்தேன். பின்னால் வந்த கன்டெய்னர் லாரி ஹார்ன் அடித்துக்கொண்டே என் பக்கக் கண்ணாடியைத் தட்டிவிட்டுப் போனது. இன்னும் ஒரு சாண் உள்ளே வந்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

எல்லாரையும் இறக்கிப் புல்லில் நிற்க வைத்தேன். முன் சீட்டுப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். கடைசி சீட்டு அக்கா கைப்பேசியில் விளக்கைப் போட்டு, வருகிற லாரிகளுக்கெல்லாம் ஆட்டிக்கொண்டே நின்றார். வாடகைக் கார்களைக் கூப்பிட்டு அவர்களை அனுப்பி வைப்பதற்குள் ஷிஃப்ட் ஆரம்பித்துவிட்டது. ஒரு நாள் தாமதமானாலும் அந்த மாதத்து வருகைப்படியை வெட்டிவிடுவார்கள், அந்த மாதம் யாருக்கும் கிடைக்கவில்லை.

டீ இடைவேளையில்தான் என் கணவர் போனை எடுத்தார். வேன் ரோட்டிலேயே நின்றுபோனது என்று அழுதேன். அவ்வளவுதான் சொன்னேன். உனக்கு ஒன்றும் இல்லையே என்று கேட்பார் என்று பார்த்தால், "நீ என்ன எண்ண ஊத்துன?" என்றார்.

"நான் எங்க ஊத்துனேன்? நேத்து நீங்கதானே போட்டீங்க?"

"நான் டீசல்தான் ஊத்துனேன். லீவுக்கு முன்னாடி நீ ஊத்துனியே, அதுல மாத்தி ஊத்தியிருப்ப."

என் அழுகையே நின்றுபோனது. ஒருவேளை நான்தானோ? விடுமுறைக்கு முந்தின நாள், அவசரத்தில், மஞ்சளைப் பிடித்துவிட்டேனா? என் கையை நானே பார்த்துக்கொண்டு ரோட்டோரத்தில் நின்றேன். ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க அதே எண்ணெயில்தானே நாற்காலி ஏற்றினார் என்று யோசிக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. என் கையையே என்னைச் சந்தேகப்பட வைத்தாரே, அதுதான் கொடுமை.

இழுவை லாரி வந்து, தம்போயில் நாங்கள் வழக்கமாகப் போகும் பட்டறையில் வேனை இறக்கியது. அங்கே இருந்த தமிழ் ஃபோர்மேன் டாங்கி மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். "பெட்ரோல் கலந்திருக்கு. மஞ்சளைப் புடிச்சிட்டீங்களாக்கா? பரவால்ல, லேடிஸ்னா நடக்குறதுதான்" என்று சிரித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மத்தியானத்துக்குள் குடும்ப வாட்ஸ்அப்பில் செய்தி வந்துவிட்டது. போட்டது என் கொழுந்தன். "அண்ணி டீசல் வேனுக்கு பெட்ரோல் ஊத்தி சாதனை." கீழே வரிசையாகச் சிரிக்கிற முகங்கள். "அலமாக், பொம்பள டிரைவர்னா அப்படித்தான் லா" என்று ஒன்றுவிட்ட மச்சான் ஒருவர். என் கணவர் சொல்லாமல் அவர்களுக்கு எப்படித் தெரியும்? அதற்குள் என் வேனில் வரும் ரெண்டு பெண்களின் வீட்டுக்காரர்களும் செய்தி அனுப்பிவிட்டார்கள், அடுத்த வாரத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் அனுப்பிக்கொள்கிறார்களாம். இத்தனை வருஷம் சேர்த்த பேர் ஒரே காலையில் போயிற்று. மானம் கப்பலேறியது என்பார்களே, அதை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தேன்.

மூன்று மணி வாக்கில் பட்டறை முதலாளியான தவுக்கே வந்தார். சீனர், ஆனால் அவர் அப்பா தமிழர்கள் இருந்த எஸ்டேட்டில் கடை வைத்திருந்ததால் தமிழ் பேசுவார். என்னைப் பார்த்ததும் அவருக்குத்தான் கோபம் வந்தது.

"என்னம்மா நீ? நேத்து உன் புருஷன் போன் பண்ணாரு. எண்ண மாறிப்போச்சு, என்ன செய்றதுன்னு கேட்டாரு. நான் சொன்னேன், ஸ்டார்ட் பண்ணாத, அங்கயே விடு, நான் லாரி அனுப்புறேன்னு. ஓகே ஓகேன்னாரு. அப்புறம் ஏன் ஸ்டார்ட் பண்ண?"

 திரும்பச் சொல்லச் சொன்னேன். அவர் கைப்பேசியை எடுத்துக் காட்டினார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், என் கணவர் நம்பர். நான் மீன் பொரிப்பதற்குக் கொஞ்சம் முன்னால்.

 தெரியாமல் செய்திருந்தால் சண்டை போட்டுவிட்டு மறந்திருப்பேன். மனுஷருக்குத் தெரிந்திருக்கிறது. ஓட்டினால் நின்றுபோகும் என்று தெரிந்தே சாவியை என் கையில் வைத்திருக்கிறார். மறுநாள் அந்த வண்டியில் யார் யார் ஏறுவார்கள் என்பதும் தெரியும். தெரிந்தும், என்ன எண்ணெய் ஊத்துன என்று என்னையே கேட்டிருக்கிறார்!

அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்து ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டேன், தவுக்கேகிட்ட என்ன பேசினீங்க என்று.  பிறகு ஒவ்வொன்றாக வந்தது. பாதி அடிக்கும்போதே வாசனையில் கண்டுபிடித்துவிட்டாராம். மீதிக்கு டீசலை ஊற்றிவிட்டாராம். பக்கத்து பம்பில் கோயில் கமிட்டி ஆட்கள் நின்றார்களாம். அவர்கள் முன்னால் இழுவை லாரியைக் கூப்பிட வெட்கமாம்.

"ஸ்டார்ட் பண்ணிப் பாத்தேன். ஒண்ணும் ஆகல. வீடு வரைக்கும் ஓடுச்சே!" என்றார்.

வீடு வரைக்கும் ஓடியதாம். அவர் வீடு வந்து சேர்ந்தாயிற்று, அதோடு அவர் கணக்கு முடிந்தது. வீட்டுக்கு அப்புறம் ஓட்டப்போவது நான், உட்காரப்போவது பதினோரு பேர், அதில் ஒருத்தி பிள்ளைத்தாய்ச்சி. கமிட்டி ஆட்கள் நாலு பேர் சிரித்துவிடுவார்கள் என்ற பயம் அத்தனை உயிரைவிடப் பெரிதாகிவிட்டது. கத்தினேன். பக்கத்து வீட்டில் கேட்கட்டும் என்றே கத்தினேன்.

ரிப்பேர் செலவு முழுக்க நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். செலவை யார் கேட்டது? வேன் திரும்பி வருகிற அன்றைக்கு லீவு போடுங்கள், அந்தப் பெண்களிடம் நீங்களே உங்கள் வாயால் சொல்லுங்கள் என்றேன். வீட்டு விஷயத்தை எதற்கு வெளியே கொண்டுபோக வேண்டும் என்றார். வாட்ஸ்அப்பில் போகும்போது அது வெளியே இல்லையா என்று கேட்டேன். கடைசியில் லீவு போட ஒப்புக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை, எங்கள் குடியிருப்புத் தாமான் முகப்பில் எல்லாரையும் ஒன்றாக நிற்கச் சொல்லியிருந்தேன். என் கணவர் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.  "பெட்ரோல் ஊத்துனது நான்தான். இவ இல்ல. தெரிஞ்சும் சொல்லாம விட்டுட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. முன் சீட்டுப் பெண் அவர் முகத்தைப் பார்க்காமல் ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். கடைசி சீட்டு அக்கா மட்டும் படியில் ஒரு காலை வைத்தபடி திரும்பினார்.

"ஊத்துனது இருக்கட்டும் தம்பி. வண்டியில நாங்க இருந்தோம்ல?"

சொல்லிவிட்டு ஏறிப் போய்த் தன் சீட்டில் உட்கார்ந்தார்.

அன்றைக்கே குடும்ப வாட்ஸ்அப்பிலும் அவரை எழுத வைத்தேன். சிரிக்கிற முகம் ஒன்றுகூட வரவில்லை. கொழுந்தன் எழுதினார்: "பரவால்லண்ணே, யாருக்கும் நடக்குறதுதான்." நான் செய்தால் சாதனை, அவர் செய்தால் யாருக்கும் நடப்பது! அந்தக் குரூப்பிலிருந்து அன்றைக்கே வெளியே வந்தேன், இன்னும் திரும்பிப் போகவில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வேன் வாங்கிய புதிதில் நானே எங்கள் கேட்டில் உரசிவிட்டு, எதிர்வீட்டு லாரி மேல் பழியைப் போட்டவள்தான். அவர்களும் பேசாமல் கேட்டுக்கு பெயிண்ட் அடித்துக் கொடுத்தார்கள். இந்தச் சம்பவத்துக்குப் பிறகு அது என்னைத் தூங்கவிடவில்லை. போய் உண்மையைச் சொன்னேன். எதிர்வீட்டு அம்மா, அப்போதே தெரியும் என்றார். வெட்கத்தில் தலையைத் தூக்க முடியவில்லை.

வேனை விட்டுப் போன ரெண்டு பேரில் ஒருத்தி திரும்பி வந்தாள், இன்னொருத்தி வரவில்லை. முன் சீட்டுப் பெண் நல்லபடியாகப் பெற்றெடுத்து, இப்போது மறுபடியும் அதே சீட்டில் வருகிறாள். டாங்கி மூடியில் 'டீசல்' என்று பெரிய ஸ்டிக்கரை என் கணவரே வாங்கி ஒட்டினார்.

கலந்த எண்ணெயைத் தவுக்கே அன்றைக்கே டாங்கியிலிருந்து இறக்கிவிட்டார், எண்ணெய் மாறியதை நானும் அன்றைக்கே மன்னித்துவிட்டேன். ஆனால் தெரிந்தே வாயைத் திறக்காமல் அந்தச் சாவியை என் கையில் வைத்தாரே, அதனால்தான் இன்றைக்கும் அவர் சாவியை நீட்டினால், சொல்ல வேண்டியது ஏதாவது இருக்கிறதா என்று கேட்ட பிறகே நான் கையை நீட்டுகிறேன்.