பாய் சுருட்டிய பிறகு எடுத்த கணக்கு

பகல் பதினொரு மணிக்கு எந்த வீடும் நெரிசலாக இருக்காது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு இருபத்தாறு வருஷ சர்வீஸ் தேவைப்பட்டது.

நான் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். செய்யூர் பக்கத்துக் கிராமங்களில் எல்லோருக்கும் நர்சம்மா. புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பெண்கள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேறு சம்பவங்களும் உண்டு. அவற்றைப் பணி ஓய்வு விழாவிலேயே பேசித் தீர்த்துவிட்டார்கள்.

1. மூன்று கார்டு, ஒரு வீடு

சவுக்குத் தோப்பை ஒட்டிய காலனி. எல்லாம் பழைய தொகுப்பு வீடுகள். ஒரு அறை, ஒரு சின்ன சமையலறை, ஒரு ஜன்னல். கூரையில் சிமெண்ட் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரியும். அதில் ஒரு வீட்டில் ஏழுமலை என்பவருக்குச் சளிப் பரிசோதனையில் டிபி உறுதியானது. சவுக்கு வெட்டப் போகிறவர், ஐம்பத்தைந்து வயதிருக்கும்.

வீட்டில் எத்தனை பேர், எத்தனை அறை, காற்றோட்டம் எப்படி என்று படிவம் நிரப்ப என்னை அனுப்பினார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால் நோய் தொற்றாமலிருக்கத் தடுப்பு மாத்திரை தொடங்க வேண்டும். அந்தப் படிவத்துக்கு உயிரே அந்த ஒரு வரிதான்.

நான் போனபோது மணி பதினொன்று. பாய்களைச் சுருட்டிப் பரண் மேல் போட்டிருந்தார்கள். மற்றவர்கள் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்விட, பெருக்கிவிட்ட அறையில் ஏழுமலை மட்டும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

“எத்தனை பேருண்ணா?” என்றேன்.

“எங் கார்டுல நானும் எம் பொஞ்சாதியுந்தான் நர்சம்மா. பசங்க ரெண்டு பேருக்கும் தனிக் கார்டு, தனி அடுப்பு. அவங்க கணக்கு வேற.”

எங்கள் பக்கத்தில் மருமகள் வந்து ஒரு வருஷத்துக்குள் அடுப்பு பிரிந்துவிடும். அடுப்பு பிரிந்தால் ரேஷன் கார்டும் பிரியும். அப்போதுதான் பிற்பாடு தனி வீட்டுக்கு மனு போட முடியும். எங்கள் துறையின் குடும்பப் பதிவேடும் அதே வழிதான், கார்டுக்கு ஒரு பக்கம். அந்த ஒரே வாசலுக்கு என் நோட்டில் மூன்று பக்கங்கள் இருந்தன. பின்பக்கம் இரண்டு கீற்றுக் கொட்டகைகள் தெரிந்தன. மகன்கள் குடும்பத்தோடு அங்கேதான் படுக்கிறார்கள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். பத்தடி நடந்து எட்டிப் பார்க்கவில்லை. இன்னும் நாலு வீடு பாக்கி, வெயில் மண்டையைப் பிளந்தது.

வாசலில் சின்ன மகனின் பெண் யாழினி விளையாடிக்கொண்டிருந்தாள். மூன்று வயது. அவளுக்குத் தடுப்பூசி போட்டவள் நான். என் குரல் கேட்டாலே ஊசிக்குப் பயந்து ஓடி ஒளிந்துகொள்வாள். அன்றும் ஓடினாள். நான் சிரித்துக்கொண்டே படிவத்தை எடுத்தேன்.

நபர்கள் இரண்டு. அறை ஒன்று. நெரிசல் இல்லை. ஐந்து வயதுக்குட்பட்டோர் இல்லை.

“வீடு எப்படிம்மா?” என்று எங்கள் சுகாதார நிலைய டாக்டர் கேட்டார்.

“ரெண்டே பேர்தான் சார். இடம் தாராளம்” என்றேன்.

2. விடியற்காலை ஐந்தரை

ஏழுமலை ஒரு நாள் தவறாமல் மாத்திரை சாப்பிட்டார். இருமல் நின்றது, எடை கூடியது. எனக்கும் திருப்தி.

நாலாவது மாதம் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. யாழினிக்குப் பத்து நாளாகக் காய்ச்சல், வாந்தி, அப்புறம் வலிப்பு. மூளையைத் தாக்கிய டிபி என்றார்கள். வீட்டில் யாருக்காவது டிபி உண்டா, குழந்தைக்குத் தடுப்பு மாத்திரை கொடுத்தீர்களா என்று கேட்டார்கள். பதிவேட்டைப் புரட்டினேன். தாத்தா பெயருக்கு இரண்டு பக்கம் தள்ளி அவள் பெயர் இருந்தது.

மறுநாள் பாய் சுருட்டுவதற்குள் அந்த வீட்டுக்குப் போனேன். மூத்த மருமகள் கதவைத் திறந்தாள். உள்ளே கால் வைக்க இடமில்லை. ஏழுமலை, அவர் மனைவி, மூத்த மகன், அவனுடைய இரண்டு பையன்கள். ஜன்னலை மறைத்துக்கொண்டு மருமகள் சீர்வரிசையாகக் கொண்டுவந்த ஸ்டீல் பீரோ. பின்பக்கக் கொட்டகைகளில் அடுப்பும் விறகும் ஆடும்தான் இருந்தன. கதவைத் திறந்த மருமகளோடு, ஆஸ்பத்திரியில் இருக்கும் யாழினியையும் அவள் அப்பா அம்மாவையும் சேர்த்தால் அந்த ஓர் அறையில் ஒன்பது பேர்.

பெரியவர் பாயை ஒட்டி, ஃபேனுக்கு நேர் கீழே, ஒரு சின்னத் தலையணை கிடந்தது.

“பாப்பா அங்கதான் தூங்கும். தாத்தா பக்கத்துல இல்லாங்காட்டி அழும்” என்றாள் மூத்த மருமகள்.

ஏழுமலை எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தார். “நான்தான் அதுக்குக் குடுத்துட்டனா நர்சம்மா?”

நீங்கள் இல்லை, நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். மூத்தவன் பையன்களைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். அந்தக் கோழைத்தனம் இன்றைக்கும் உறுத்துகிறது.

3. செல்வி சொன்னது

ஆஸ்பத்திரி வராந்தாவில் குழந்தையின் அம்மா செல்வி உட்கார்ந்திருந்தாள். நான் ஆறுதல் சொல்லப் போகவில்லை. பழியை யார் தலையிலாவது கட்டிவிடலாம் என்றுதான் போனேன்.

“ஏம்மா, எல்லாரும் ஒரே ரூம்ல படுக்கிறோம்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?”

அவள் கோபப்படவில்லை. அழுது முடித்த முகம்.

“நீங்க கேக்கலியே நர்சம்மா. கார்டுல எத்தினி பேருன்னு எழுதிக்கினு போனீங்க. எங்க படுத்துக்கினு கீறீங்கன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்போமே. அதுல மறைக்கிறதுக்கு இன்னா கீது?”

அவள் கொடுத்த டீயை வாங்கிக் குடித்தேன்.

எங்கள் டாக்டரிடம் படிவத்தைக் கொண்டுபோய் நான் எழுதியது தப்பு என்று சொன்னேன். மெமோ கொடுத்தார்கள். அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

அதன் பிறகு எந்த வீட்டிலும் கார்டைக் கேட்டு நெரிசலை எழுதியதில்லை. ராத்திரி எத்தனை பாய் விரிக்கிறீர்கள், யார் யாரை ஒட்டிப் படுக்கிறார்கள், ஜன்னல் திறக்குமா, இதைத்தான் கேட்பேன். சந்தேகம் இருந்தால் விடியற்காலையில் போய் நிற்பேன். திட்டுவார்கள். திட்டட்டும். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

ஏழுமலைக்கு முழுசாகக் குணமாகிவிட்டது. யாழினி பிழைத்தாள், ஆனால் இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது. ஓய்வு பெறும் முன் கடைசியாக அந்தக் காலனிக்குப் போனபோது, அதே வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். “பாப்பா, நர்சம்மா வந்திருக்கேன்” என்றேன். ஓடத்தான் பார்த்தாள். எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் நின்ற இடத்திலேயே நின்றாள்.