இரண்டாம் பாகத்தில் அவள் சாக வேண்டும்

அந்தப் படத்தின் பெயரைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் வாய் வருவதில்லை. வெளிநாட்டுப் படம், தமிழில் குரல் கொடுத்து வெளியிட்டிருந்தார்கள். முகத்தை மறைத்துக்கொண்டு வானத்தில் பறக்கும் ஒருவன், தீயில் மாட்டிக்கொண்டவர்களையும் வண்டியில் அடிபட்டவர்களையும் தூக்கிக்கொண்டு போய்க் காப்பாற்றுவான். கதை அவ்வளவுதான். அதை நான் பதினோரு தடவை பார்த்தேன். பதினோரு தடவை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு வேறு திரிந்தேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருடங்கள் அவை. முத்தியால்பேட்டையில் ஒரு பேனர் கடையில் கம்ப்யூட்டரில் டிசைன் போடும் வேலை எனக்கு. கல்யாணம், மஞ்சள் நீராட்டு, கட்சிக்காரர் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் கை வழியாகத்தான் தெருவுக்குப் போகும். வேலை முடிந்தால் மணிக்கூண்டுக்குப் பக்கத்து டீக்கடை. எங்கள் மன்றம் அங்கேதான் கூடும். மன்றம் என்றால் ஆறு பேர். ஆறு பேரின் அப்பாக்களும் மில்லில் இருந்தவர்கள். நாங்கள் செல்போன் கடை, கூரியர் என்று சிதறியிருந்தோம். உள்ளூர் நடிகனுக்கு மன்றம் வைப்பவனெல்லாம் பட்டிக்காட்டான், நாங்கள் உலகப் படம் பார்க்கிறவர்கள் என்று ஒரு திமிர்.

எங்களுக்குத் தலைவனாக இருந்தவன் பைக் ஷோரூமில் விற்பனை வேலை பார்த்தான். நன்றாகப் பேசுவான். அவன் எதற்குச் சிரித்தாலும் நாங்களும் சிரிப்போம். அவனுக்கும் அவனுடைய அத்தை மகளுக்கும் நிச்சயம் ஆகியிருந்தது. எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி அவள் வீடு. ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இருவரும் அரியாங்குப்பத்திலிருந்து பைக்கில் திரும்பினார்கள். பாலத்தில் சைக்கிளில் போன ஒரு பெரியவரை அவன் இடித்துத் தள்ளிவிட்டான். நிறுத்தவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்தவள் நிறுத்தச் சொல்லிக் கத்தி, முதுகில் குத்தியும் நிறுத்தவில்லை. வீட்டு வாசலில் அவளை இறக்கிவிட்டு, "யாருகிட்டயும் சொல்லாத" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். மறுநாள் காலையில் அவள் தனியாக ஸ்டேஷனுக்குப் போய், வண்டி நம்பர் முதற்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். பெரியவர் தொடை எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். இவன் மேல் கேஸ் ஆயிற்று. நிச்சயம் முறிந்தது.

எங்களில் ஒருவன்கூட அந்தப் பெரியவரைப் போய்ப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. அடிபட்டவர்களைத் தூக்கிக்கொண்டு பறக்கிறவனுக்கு அடுத்த மாதமே மன்றம் வைத்தோம்.

ஆமாம், படம் வந்தது அடுத்த மாதம்தான். அதன் கடைசியில் கதாநாயகியின் தம்பியை வில்லன் பிடித்து வைத்திருப்பான். தம்பியைக் காப்பாற்ற, முகமூடிக்குள் இருப்பது யார் என்பதை அவள் சொல்லிவிடுவாள். நாயகன் அடிபட்டு, ஊரைவிட்டே பறந்து போவான். இரண்டாம் பாகம் வரும் என்று எழுத்து விழும். விளக்கு எரிந்ததும் தலைவன் சீட்டின் மேல் ஏறி நின்றான்.

"பாத்தீங்களாடா? எந்த நாட்டுக்காரியா இருந்தா இன்னா, எல்லாரும் ஒண்ணுதான். காட்டிக் குடுத்துட்டா பாரு."

நாங்கள் விசில் அடித்தோம். நானும்தான்.

அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் எங்களுக்கு ஒரே பேச்சு, இரண்டாம் பாகம். அதில் புது வில்லன் யார், நாயகனுக்குப் புதிதாக என்ன சக்தி வரும் என்றெல்லாம் ஆரம்பிப்போம். ஐந்து நிமிடத்தில் பேச்சு அந்தக் கதாநாயகியிடம் வந்துவிடும். அவள் எப்படிச் சாக வேண்டும்? நெருப்பில் மாட்டி, காப்பாற்றச் சொல்லி அவள் கத்த, அவன் பார்த்துவிட்டுப் பறந்து போக வேண்டும் என்பான் ஒருவன். உச்சி மாடியிலிருந்து விழ வேண்டும், கை கொடுப்பதுபோல் கொடுத்து எடுத்துவிட வேண்டும் என்பான் இன்னொருவன். டீ ஆறிப்போகும். பேசப் பேச ஒவ்வொருவன் கண்ணிலும் ஒரு பளபளப்பு வரும். அப்போது என் கண்ணும் அப்படித்தான் இருந்திருக்கும்.

எனக்கு ஓரளவு இங்கிலீஷ் வாசிக்க வரும் என்பதால், ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை பிரவுசிங் சென்டருக்கு இழுத்துக்கொண்டு போவார்கள். வெளிநாட்டு ரசிகர்கள் எழுதுவதை நான் தமிழில் சொல்ல வேண்டும். அங்கேயும் இதே சாக்கடைதான். எங்கேயோ உட்கார்ந்திருந்த யார் யாரோ, பார்த்தே இராத எங்களைப் போலவே அவளைக் கொன்றுகொண்டிருந்தார்கள். நான் படித்துச் சொன்னதோடு நிற்கவில்லை. அதில் இல்லாததையும் சேர்த்துச் சொன்னேன். சிரிப்பு கிடைத்தது. ஒரே ஒருவர் மட்டும், அவள் காப்பாற்றியது தன் தம்பியைத்தானே, நாயகன் செய்வதும் அதைத்தானே என்று கேட்டு எழுதியிருந்தார். அதன் கீழே வரிசையாக வசவு. அந்த ஒன்றை நான் மொழிபெயர்க்காமல் தாண்டிப் போனேன்.

தலைவனுடைய அத்தை மகள் வேலைக்கு டீக்கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். அவளுக்கு எங்கள் ஆட்கள் 'பார்ட் டூ' என்று பெயர் வைத்தார்கள்.

"பார்ட் டூ போவுது பாரு."

"எப்ப ரிலீஸாம்?"

"கிளைமாக்ஸு தெரியுமில்ல?"

அவள் தலையைத் திருப்ப மாட்டாள், நடையை வேகப்படுத்தவும் மாட்டாள். அது அவர்களுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. நான் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தேன். அதையே ஒரு யோக்கியதை என்று நெடுநாள் வைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் பாகம் ஒரு வெள்ளிக்கிழமை வெளியாவதாக இருந்தது. அதற்கு முந்தின புதன்கிழமை தலைவன் கடைக்கு வந்தான். தியேட்டருக்கு எதிரில் கட்ட ஒரு பேனர் வேண்டும் என்றான். மேலே நாயகன் பறக்கிற படம். கீழே கதாநாயகிக்குக் கண்ணீர் அஞ்சலி. 'இரண்டாம் பாகத்தில் உயிர்விடப் போகும் துரோகிக்கு' என்று வாசகமும் எழுதிக்கொண்டு வந்திருந்தான். நான் நடிகையின் படத்தைத் தேட ஆரம்பித்தேன்.

"அது வேணாம். இத வை" என்று சட்டைப் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்துப் போட்டான். நிச்சயதார்த்தத்தில் எடுத்தது. தன்னைக் கத்தரித்துவிட்டு அவளை மட்டும் வைத்திருந்தான்.

"டேய், இது ஓவரா இல்ல?"

"இன்னா ஓவரு? பேரா போடறோம்? பாத்துட்டு சிரிச்சிட்டு போவானுங்க. நீ மன்றத்துல இருக்கியா, இல்லியா?"

நான் ஸ்கேனர் மூடியைத் திறந்தேன்.

செய்ததை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். படத்தில் அவள் தோள்மேல் அவனுடைய விரல்கள் மிச்சம் இருந்தன, அவற்றை அழித்தேன். கன்னத்தில் விழுந்த நிழலை எடுத்தேன். படத்தைச் சுற்றி ரோஜா மாலை போட்டேன். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைத்தேன். மாலை படத்தின் விளிம்பில் சரியாகப் பொருந்தவில்லை என்று அரை மணி நேரம் அதை நகர்த்தி நகர்த்திச் சரிசெய்தேன். நன்றாக வந்திருக்கிறது என்று திருப்திகூடப் பட்டேன். வியாழக்கிழமை வெயில் தாழ்ந்ததும் பேனரைக் கட்டிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கடைக்குள் மூன்று பேர் வந்தார்கள். அந்தப் பெண், அவளுடைய அப்பா, பெரியம்மா. பேனரின் மூலையில் எங்கள் கடையின் பெயரும் போன் நம்பரும் இருந்தன. எல்லா பேனரிலும் போடுவதுதான். இதிலும் நானே போட்டிருந்தேன்.

பெரியம்மாவுக்கு வில்லியனூருக்கு அப்பால் ஒரு கிராமம். தினமும் காலையில் பஸ் ஏறி டவுனுக்கு வந்து ஓர் ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்கும் வேலை பார்ப்பவர். அவருக்குப் படிக்கத் தெரியாது. பேனரில் எழுதியிருந்த கிண்டல் அவருக்கு எழுத்தாகக்கூடத் தெரிந்திருக்காது. பஸ் ஜன்னலில் அவர் பார்த்தது மாலையும் விளக்கும் நடுவில் தங்கச்சி மகள் முகமும்தான்.

"ஓடற பஸ்ஸ நிறுத்தி எறங்கி, மாருல அடிச்சிக்கினு ஓடியாந்தேன்டா" என்றார். மூச்சு வாங்கியது. "தெருவே என் பின்னால ஓடியாந்துச்சி. வந்து பாத்தா இவ வாசல்ல நின்னு தல பின்னிக்கினு கீறா. எனக்கு உசுரு இருக்குதா, போச்சான்னு தெரில. எவன்டா பண்ணது?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதுவே போதுமானதாக இருந்தது. பெரியம்மா என் முகத்துக்கு நேராகக் காறித் துப்பினார். அது மேஜைக் கண்ணாடியில் விழுந்து வழிந்தது.

"தொடைடா அத" என்றார் முதலாளி. துடைத்தேன்.

அந்தப் பெண் மேஜைக்குப் பக்கத்தில் வந்தாள். "அத யாரு போடச் சொன்னதுண்ணா?" என்று கேட்டாள். தன் நிச்சயதார்த்தப் போட்டோ என்று அவளுக்குத் தெரியும்; என் வாயால் கேட்கத்தான் வந்திருந்தாள். குரலில் கோபம்கூட இல்லை. மருந்துச் சீட்டைப் பார்த்து, எத்தனை நாளைக்கு என்று கேட்பதைப் போலக் கேட்டாள்.

"யாரோ வந்து குடுத்தாங்க" என்றேன்.

"சரி. அத அவுத்து எங்கிட்ட குடுங்க. ஸ்டேஷனுக்கு எடுத்துட்டுப் போவணும்."

நான் போய் அவிழ்த்து, மடித்துக் கொண்டுவந்து கொடுத்தேன். மதியம் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரர்கள் இரண்டு பேர் பேனரைத் தரையில் விரித்துப் போட்டு, சுற்றி நின்று பார்த்தார்கள். ஒருவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவளுடைய அப்பா மூலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உட்காரச் சொல்லவில்லை. எழுதிக்கொண்டிருந்த ஏட்டு அவரைப் பார்த்து, "உம் பொண்ணுக்கு ஸ்டேஷனுக்கு வர்றதே பொழப்பாப் போச்சா?" என்றார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். என்னைக் கேட்டார்கள். யார் என்று தெரியாது, முகம் ஞாபகமில்லை என்று சொன்னேன். அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தரையில் கிடந்த அவள் படத்தைப் பார்த்தேன்.

முதல் நாள் டிக்கெட் கிடைத்திருக்கவில்லை; மறுநாள் மதியக் காட்சிக்கு மன்றத்தோடு போனேன். ஒரு வருடமாகக் காத்திருந்த படம், டிக்கெட் எடுத்தாயிற்று, கால் தானாகப் போயிற்று. "ஸ்டேஷன்ல வாயத் தொறக்கல பாரு, அதான் நண்பன்" என்று தலைவன் என் தோளில் கை போட்டான். அந்தக் கையை நான் தட்டிவிடவில்லை.

படம் ஆரம்பித்துப் பத்து நிமிடம் இருக்கும். நாயகனின் நண்பன் கேட்கிறான், அவள் எங்கே என்று. நாயகன் சொல்கிறான்: "வேற ஊருக்குப் போயிட்டா. நல்லா இருக்கா." அவ்வளவுதான். அந்த நடிகை படத்திலேயே இல்லை. நெருப்பும் இல்லை, உச்சி மாடியும் இல்லை. வேறு ஒருத்தி சிரித்துக்கொண்டு வந்தாள், கதை அவளோடு போயிற்று.

எங்கள் வரிசையில் ஒரே கூச்சல். "ஏமாத்திட்டானுங்கடா!" ஒருவன் சீட்டை உதைத்தான். இன்னொருவன் பாப்கார்னைத் திரையை நோக்கி வீசினான். செல்போன் கடைக்காரனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அவள் சாகவில்லையே என்று ஒரு வளர்ந்த ஆண் அழுவதை நான் பக்கத்து சீட்டிலிருந்து பார்த்தேன். படம் எடுத்தவனுக்கு இந்தப் பகையெல்லாம் ஒரு வரிக்குக்கூடப் பெறவில்லை. மாலை போட்டு, விளக்கு ஏற்றி, ஒரு பொம்பளையை ரோட்டில் மாரடித்துக்கொண்டு ஓட வைத்தது நான்.

இடைவேளையில் வெளியே வந்தேன். திரும்பி உள்ளே போகவில்லை. நேராக ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

"நேத்து மூஞ்சி ஞாபகமில்லன்ன?" என்றார் ஏட்டு.

"பொய் சொன்னேன் சார்."

"இன்னிக்கு சொல்றது மட்டும்?"

போட்டோ, வாசகம், தலைவன் பேர், நான் செய்த வேலை எல்லாவற்றையும் சொன்னேன். முனகிக்கொண்டே எழுதினார். கையெழுத்துப் போட்டுவிட்டு அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன் என்று நினைக்கிறேன். என்ன வார்த்தையில் கேட்டேன் என்பது ஞாபகமில்லை.

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். கடைசியில் சொன்னாள்: "நேத்தே சொல்லியிருந்தா எங்கப்பா அங்க கையக் கட்டிக்கினு நின்னுருக்க மாட்டாரு."

உள்ளேயிருந்து அவளுடைய அப்பா, "யாரும்மா? உள்ள வரச் சொல்லு" என்றார்.

"வேணாம்பா. அவரு போறாரு."

தலைவனைக் கூப்பிட்டு மிரட்டி, மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கினார்கள். சொந்தத்துக்குள் பேசி அதோடு முடித்துக்கொண்டார்கள். மன்றத்தில் என்னோடு பேசுவதை நிறுத்தினார்கள். நான் வேறு டீக்கடைக்குப் போக ஆரம்பித்தேன். அந்தப் பெண் அதே வழியாகத்தான் கொஞ்ச நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பிறகு மூலக்குளம் பக்கம் ஒரு மருந்துக் கடையில் சேர்ந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன்.

இரண்டு வாரம் கழித்துப் பழைய டீக்கடையைத் தாண்டி சைக்கிளில் போனேன். ஐந்து பேரும் பெஞ்சில் இருந்தார்கள். மூன்றாம் பாகத்தில் அந்தப் புதுக் கதாநாயகியை என்ன செய்ய வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.