மட்டமாக வெட்டிய மருதாணி

செடி வெட்டுகிற கத்தரியை நான்தான் வாங்கிக் கொடுத்தேன். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொண்ட கதை அது. லாரி ஓட்டுவதை நிறுத்திவிட்டு வீட்டோடு வந்து உட்கார்ந்த கணவருக்குக் கைவேலையாக ஏதாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். சர்க்கரை கண்ணைத் தொட்டுவிட்டது, ஒரு கண் கொஞ்சம் மங்கல், ராத்திரியில் ஓட்ட முடியாது, அதனால் முதலாளி நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார் என்று என்னிடம் சொல்லியிருந்தார். வந்த புதிதில் நாள் முழுக்க வாசல் கேட்டுப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு நாற்காலியில் கிடந்தார். அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

எங்கள் வீடு நாமக்கல்லிலிருந்து மோகனூர் போகிற ரோட்டில், ஊரை விட்டுச் சற்றுத் தள்ளி இருக்கிறது. அவர் குஜராத்துக்கும் அசாமுக்கும் லோடு ஏற்றிப் போய்க்கொண்டிருந்த வருஷங்களில் காம்பவுண்டை ஒட்டி நான் வைத்த செடிகள் இவை. தெருப்பக்கம் வரிசையாக மருதாணி, சன்னலுக்குக் கீழே இட்லிப்பூ, மூலையில் இரண்டு செம்பருத்தி. நான் பெரிய தோட்டக்காரி ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்போடு கத்திவிட்டு, பஸ்ஸில் நின்றபடி வீடு வந்து, சோறு வடித்த பிறகு செடிப் பக்கம் போகிறவள். ஆனாலும் அதுகளின் குணம் எனக்குத் தெரியும். பூத்து ஓய்ந்ததும் வருஷத்துக்கு ஒரு தடவை கவாத்து செய்ய வேண்டும். காய்ந்த குச்சியையும், உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிற கிளையையும் எடுத்துவிட்டு, மற்றதை வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குச் சற்று மேலே வெட்டினால் செடி அகன்று விரியும். தூருக்குக் கொஞ்சம் சாணி எரு. அப்புறம் கையை வைக்காமல் இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். இவையெல்லாம் புதுத் துளிரில் பூக்கிறவை. நுனி போனால் பூவும் போயிற்று.

மருதாணி பூத்தால் தெருமுனையிலேயே வாசம் வரும். கொத்துக் கொத்தாக வெளுத்த சின்னப் பூக்கள். அதில் தேனீ மொய்த்துக்கொண்டு இருக்கும். இட்லிப்பூவுக்குக் கறுப்புப் பட்டாம்பூச்சி வரும், செம்பருத்திக்குத் தேன்சிட்டு. காலையில் பஸ்ஸுக்கு ஓடுவதற்கு முன்னால் டீயோடு படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அதுகளைப் பார்ப்பேன். ஒரு நாளில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

அவர் கைக்குக் கத்தரி போனதும் எல்லாம் மட்டமாகிவிட்டது. மேலே மட்டம், பக்கம் மட்டம், லாரிக்குப் பாடி கட்டியதைப் போல நாலு மூலையும் சதுரம். துளிர் நீண்டு மொட்டுக் கட்டுவதற்குள் மறுபடியும் வெட்டிவிடுவார். "கல்யாண மண்டபத்துல வெச்ச மாதர இருக்குதுங்க" என்று எதிர்வீட்டுக்காரர் வேறு பாராட்டிவிட்டுப் போனார். பூ மட்டும் இல்லை. குரங்கு கையில் பூமாலை என்பார்கள். எங்கள் வீட்டில் மாலை கட்டுகிற அளவுக்குப் பூவே வரவில்லை. சாமி படத்துக்கு பஸ் ஸ்டாண்டில் முழம் போட்டு வாங்கினேன்.

சொல்லாமலும் இல்லை.

"ஏனுங்க, அந்த நுனிய உட்டாத்தானுங்க பூக்கும். கொஞ்ச நாளைக்கு வெட்டாத இருங்க."

"காடாட்டக் கெடந்தா பாம்பு அடையும் புள்ள. மட்டமா இருந்தாத்தான் லட்சணம்."

"இட்லிப்பூவையாச்சும் உட்டுருங்க."

"செரி, செரி."

செரி என்றவர் மறுநாளே இட்லிப்பூவுக்கும் மொட்டை போட்டிருந்தார். இத்தனை வருஷம் நான் ஒருத்தியாகப் பார்த்துக்கொண்ட வீட்டில், இனி தன் அதிகாரம்தான் என்று வேண்டுமென்றே காட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். சண்டை போடத் தெம்பு இல்லை. பள்ளிக்கூடம், அவருக்கு மாத்திரை, ஊசி, ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிற தண்ணீர். இதற்கு மேல் ஒரு செடிக்காகவும் மல்லுக்கு நிற்க வேண்டுமா என்று அலுப்பாக இருந்தது. பேசுவதை விட்டுவிட்டேன்.

போன வருஷம் மழை ஓய்ந்த சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவர் மருதாணியில் இருந்தார். சுவரோரம் கத்தரிக்குத் தப்பிய ஒரே ஒரு கிளை பூத்திருந்தது. அதில் நாலைந்து தேனீ. அவர் உள்ளங்கையைச் செடியின் மேல் வைத்துத் தடவுவார், எது இடறுகிறதோ அதை வெட்டுவார், மறுபடி தடவுவார். அப்படியே நகர்ந்து நகர்ந்து வந்த கை, தேனீ உட்கார்ந்திருந்த பூவின் மேலேயே போய் அமர்ந்தது. வெடுக்கென்று இழுத்து உதறினார்.

"முள்ளு குத்திப்போட்டுது புள்ள" என்றார்.

மருதாணியில் முள் உண்டுதான். ஆனால் எழுந்துபோய் விரலைப் பிடித்துப் பார்த்தால் கொடுக்கு அப்படியே நிற்கிறது. நகத்தால் சுரண்டி எடுத்தேன். பிறகு அந்தப் பூங்கொத்தைக் கிள்ளி அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன்.

"இது என்னங்க?"

"தழ."

"எத்தன நாளாங்க இப்பிடி?"

கொட்டு வாங்கிய விரலைத் தேய்த்துக்கொண்டார். "ஒரு கண்ணு வண்டில இருக்கறப்பவே போயிருச்சு. இன்னொண்ணு இங்க வந்தப்பறம், கொஞ்சங் கொஞ்சமா. மட்டமா இருக்குதான்னு கைக்குத் தெரியும். மொட்டு தெரியறதில்ல."

"எங்கிட்டச் சொல்றதுக்கு என்னங்க?"

"மொதலாளிகிட்டச் சொன்னன். வண்டிச் சாவிய வாங்கிக்கிட்டாரு. உங்கிட்டச் சொன்னா நீ கத்தரிய வாங்கிக்குவ."

சேலத்தில் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்கு ஒரே யோசனை. பூ வேண்டுமென்றால் கத்தரியை வாங்கி வைக்க வேண்டும். வாங்கினால் அவர் மறுபடியும் நாற்காலிக்குப் போய்விடுவார். அவர் மேல் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் இதற்கும் நான்தான் வழி கண்டுபிடிக்க வேண்டுமா என்ற அலுப்பு அதைவிடப் பெரிதாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய சேலையை நாடா நாடாவாகக் கிழித்து, விட வேண்டிய கிளைகளில் கட்ட ஆரம்பித்தேன். துணி கைக்குத் தட்டுப்படும். அதை விட்டுவிட்டு மற்றதை வெட்டிக்கொள்ளலாம். பாதி வரிசைகூடக் கட்டவில்லை, மணிக்கட்டு கடுக்க ஆரம்பித்துவிட்டது. அவர் கத்தரியோடு பின்னாலேயே வந்தார். முதல் துணியில் விரல் பட்டதும் நின்றார்.

"இதா?"

"ஆமாங்க. மொட்டு வர்ற கெள. தாண்டிப் போங்க."

தாண்டினார். இன்னும் கொஞ்சம் போய் நின்றுகொண்டு, "இத்தன நாளா எவ்வளவு மொட்ட வெட்டியிருப்பன்?" என்று கேட்டார்.

"கொஞ்சந்தானுங்க."

"பொய் சொல்லாத. நான் வெட்டி முடிச்சதும் நீ படார் படார்னு கூட்டுவயே, அந்தச் சீமாத்துச் சத்தம் எனக்குக் கேக்காதா?"

ஒரு வார்த்தை பேசாமல் பொறுத்துக்கொண்டேன் என்றுதான் நான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

"கை வலிக்குதுங்க" என்றேன், கடைசியில். "மிச்சத்த நாளைக்குக் கட்டறனுங்க."

அவர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினார். "துணிய இங்க குடு. எந்தக் கெளைன்னு நீ காட்டு, நான் கட்டறன். தார்ப்பாய்க் கயிறெல்லாம் இருட்டுலதான் புள்ள கட்டுவோம்."

நுனியில் மொட்டு அரும்பியிருந்த கிளை ஒன்றை வளைத்து அவர் கையில் கொடுத்தேன். முடிச்சு இறுக்கமாக விழுந்தது. நான் அடுத்த கிளையைத் தேடினேன்.