தொடர்பு எல்லைக்குள் ஒரு தலைவர்

வாய் நிறையச் சாப்பாடு இருந்தாலும் போனில் இரண்டாவது மணி அடிப்பதற்குள் எடுத்துவிடுவார். "சொல்லுங்க, கேட்டுட்டிருக்கேன்" என்பார், மென்றபடியே. கூப்பிடுவது குழாயில் தண்ணீர் வராத குடும்பத் தலைவியா, குறை சொல்லியே பொழுதைக் கழிக்கும் ஓய்வுபெற்ற வாத்தியாரா என்பதெல்லாம் அவருக்கு ஒன்றுதான். இடது கை போனைப் பிடித்திருக்க, வலது கை சாப்பாட்டை மறந்து பென்சிலைத் தேடும்.

இப்போது அவர் நகராட்சித் தலைவர். ஊர் மட்டும் இன்னும் "நிருபரம்மா" என்றுதான் கூப்பிடுகிறது. நாளிதழில் இருந்த காலத்தில் ஒரே சாக்கடையைப் பற்றி வருஷா வருஷம் எழுதியவர். நகராட்சிப் பொறியாளர் ஒவ்வொரு தடவையும் செய்தியைக் கத்தரித்துக் கோப்பில் பத்திரப்படுத்தினாரே தவிர, சாக்கடையைத் தொடவில்லை. "எழுதி எழுதி என் பென்சில்தான் தேஞ்சுது, அடைப்பு அப்படியே இருந்துச்சு" என்று சிரிப்பார். வெறுத்துப்போய் வார்டு உறுப்பினர் தேர்தலில் நின்றார், ஜெயித்தார், சாக்கடையைத் தூர் வாரிவிட்டுத்தான் மறுவேலை பார்த்தார். அதன் பிறகு கட்சியே வீடு தேடி வந்தது.

பழைய தொழில் உடம்பைவிட்டுப் போகவில்லை. மன்றக் கூட்டம் தொடங்கும்வரை நிருபர்களின் பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார். யார் யாருடைய காதைக் கடிக்கிறார்கள் என்பது அங்கிருந்துதான் தெரியுமாம். கோப்பைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பார். கட்சிக்காரர்கள் எழுதிக்கொடுக்கும் மேடைப்பேச்சில் ஓர் அடைமொழிகூட உயிரோடு தப்பாது. சுவரொட்டியில் தன்னை 'எழுத்துப் புயல்' என்று போட்டவர்களைக் கூப்பிட்டு, "புயல்னா ஜனங்களுக்குச் சேதம்தான்யா ஞாபகம் வரும்" என்று அழிக்கவைத்தார்.

அவர் மனதார வெறுக்கும் வாக்கியம் ஒன்று உண்டு: 'அவரைத் தொடர்புகொள்ள முடியவில்லை.' வாசலில் செருப்பு கிடக்க, வீட்டில் இல்லை என்று சொல்லியனுப்பிய எத்தனையோ பெரிய மனிதர்களைப் பற்றி அதை எழுதியிருக்கிறார். தலைமை நிருபரானதும் ஒரு விதி போட்டார். ஒருவர் மேல் புகார் என்றால் அவர் பதிலுக்கு ஒரு நாள் காத்திருக்க வேண்டும், பிறகுதான் அச்சு. அந்தப் பத்திரிகை இன்றும் அதை மீறுவதில்லை.

போன வாரம் அந்த விதி அவர் வீட்டுக்கே வந்தது. புதிய பேருந்து நிலையத்தின் கூரை முதல் மழைக்கே ஒழுகிவிட்டது. வேலை திருப்தியாக முடிந்தது என்று கையெழுத்துப் போட்டவர் இவர், பொறியாளர் பேச்சை நம்பி, ஏறிப் பார்க்காமல். சட்டசபைத் தேர்தலுக்குக் கட்சியின் வேட்பாளர் பட்டியல் மறுநாள் வெளியாக இருந்தது. இவர் பெயர் ஏறக்குறைய உறுதி. ஆசையும் இல்லாமலில்லை. சபையில் கேட்கப்போகும் முதல் கேள்வியைக்கூட யோசித்து வைத்திருந்தார்.

பழைய பத்திரிகையின் இளம் நிருபர் விளக்கம் கேட்டுக் கூப்பிடப்போகிறார் என்று மோப்பம் பிடித்து, கட்சியின் மாவட்டச் செயலாளர் ஓடி வந்துவிட்டார். மேஜைமேல் கிடந்த போனில் சார்ஜ் தீரும் நிலையில் இருந்தது.

"ஒரே ஒரு நாள்மா. நீங்க எடுக்கலைன்னா, உங்க விதிப்படி அதுவரைக்கும் அச்சேத்த மாட்டாங்க. சார்ஜ் தானா தீர்ந்துபோனதா இருக்கட்டும். பட்டியல் வந்தப்புறம் அவர்கிட்ட விடிய விடியப் பேசுங்க."

கடிகாரம் பழுதுபார்க்கும் கணவர், கண்ணிலிருந்து லென்ஸை எடுக்காமலே, தன் கல்யாண விருந்திலேயே பாதியில் எழுந்துபோய்த் தீ விபத்துச் செய்தி குறித்தவளிடம் இதைச் சொல்கிறீர்களே என்று முணுமுணுத்தார்.

போன் அடித்தது. நிருபரம்மாவின் கை நீண்டு, அப்படியே நின்றது. இரண்டாவது மணியும் அடித்தது. செயலாளர் முகத்தில் தெம்பு வந்தது. மூன்றாவது மணியில் எடுத்துவிட்டார்.

"எழுதிக்குங்க" என்று, எதிர்முனையில் எழுதும் கை ஓடும் வேகத்துக்கு நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "கூரையில நான் ஏறிப் பார்க்கல. பார்க்காம கையெழுத்துப் போட்டேன். தப்பு என்னோடது. ஒப்பந்தக்காரரைக் கூரையைத் திரும்பப் போடச் சொல்லியிருக்கேன். இந்தத் தடவை நானே ஏறிப் பார்ப்பேன்."

பிறகு வழக்கம்போலப் படித்துக்காட்டச் சொன்னார். நிருபர் படித்ததில் 'நேர்மையுடன் ஒப்புக்கொண்டார்' என்று வந்தது.

"அந்த நேர்மையை எடுத்துடுங்க தம்பி. ஒப்புக்கொண்டார்னு இருந்தா போதும்."

செயலாளர் எழுந்து சட்டையை நீவிக்கொண்டார். "பட்டியலை மறந்துடுங்கம்மா. நாளைக்கு ஊரே உங்களைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கும்."

"கேட்கட்டும்" என்றபடி அவர் சுவரோரம் போய், போனைச் சார்ஜில் போட்டார்.