கம்பவுண்டரம்மா ஒட்டிய படங்கள்

ஓவியம் போடுகிற தொழிலில் பெரிய கஷ்டம் போடுவது அல்ல, ‘இது முடிந்துவிட்டது’ என்று பார்க்க வந்தவரை நம்பவைப்பதுதான். அதிலும் என்னைப் போல வெறும் சாயத்தோடு நிற்காமல் சாக்கு, வைக்கோல், துருத் தகரம், தார் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் பலகையில் ஒட்டிப் படம் பண்ணுகிறவராக நீங்கள் இருந்தால், இதைப் படிக்கையில் பாதியிலேயே பெருமூச்சு விடுவீர்கள். விடுங்கள், நானும் விட்டவள்தான். எழுபதுகளில் மதராஸில் ஓவியம் படித்து முடித்த கையோடு கல்யாணமாகி, கால்நடை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்த என் கணவரோடு படப்பைக்கு வந்து சேர்ந்தேன். ஊருக்கு நான் கம்பவுண்டரம்மா. ஓவியர் என்பது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த விஷயம். அவருக்கும் அதில் கொஞ்சம் சந்தேகம் இருந்தது.

தார்

தாம்பரம் ரோட்டில் அந்த வருஷம் தார் போட்டுக்கொண்டிருந்தார்கள். பீப்பாயிலிருந்து வழிகிற அந்தக் கறுப்பைப் பார்த்ததும் எனக்கு நிலைகொள்ளவில்லை. கடையில் விற்கிற கறுப்பெல்லாம் அதன் முன்னால் சாம்பல். பழைய பால் பவுடர் டப்பா ஒன்றை எடுத்துக்கொண்டு மேஸ்திரியிடம் போய் நின்றேன். “வூடு ஒழுவுதாம்மா?” என்றார். இல்லை, படத்துக்கு என்றேன். என்னையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஊற்றிக் கொடுத்தார்.

மனுஷருக்கு அது மனசிலேயே இருந்திருக்கிறது. வேலை எங்கள் தெருமுனைக்கு வந்தபோது தண்ணீர் கேட்டுக்கொண்டு உள்ளே வந்தார். சாக்கின் மேல் தாரைத் தடவி, அதன் மேல் ஏரி வண்டலை அப்பி, வெடிப்பு விடட்டும் என்று நான் காயவைத்த படம் சுவரோரம் நின்றது. கோடையில் வறண்ட ஏரிக்குள் செருப்பில்லாமல் நடந்தபோது காலடியில் பார்த்தது அது. சொம்பைக் கீழே வைக்காமலே வெகுநேரம் பார்த்தார். நான் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் அவரே எனக்கு ஆறுதல் சொன்னார்:

“பரவால்ல வுடும்மா, எங்களுக்கும் மொத மொத ரோடு போடச்சொல்லோ இப்டித்தான் வந்துச்சி.”

தகரம்

சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் முருகேசன் என்பவரின் டீக்கடை. மழைச் சாரலுக்கு மறைப்பாக ஒரு பழைய விளம்பரத் தகரத்தைக் கட்டியிருந்தார். எழுத்தெல்லாம் உதிர்ந்து, நீலத்தைத் துரு மெல்ல மெல்லத் தின்று, நடுவில் எந்தப் பக்கமும் சேராத ஒரு நிறம் வந்திருந்தது. எத்தனை சாயம் கலந்தாலும் எனக்கு வராத நிறம். பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் அதையே பார்த்து, கடைசியில் வாய்விட்டுக் கேட்டேன்: “இதை எனக்குக் கொடுத்துடுங்க, புதுத் தகரம் வாங்கித் தர்றேன்.” அங்கேதான் காரியம் கெட்டது. சும்மா கேட்டிருந்தால் அவிழ்த்துக் கொடுத்திருப்பார்.

அடுத்த தடவை போனபோது தகரம் கட்டிய இடத்தில் வெறும் கயிறு. தகரம் கடைக்குள் பெஞ்சுக்கு அடியில் சாக்கு போர்த்தியபடி பத்திரமாக இருந்தது. சாரல் நேரே உள்ளே அடிக்க, டீ குடிக்க வந்தவர்கள் கிளாஸைக் கையால் மூடிக்கொண்டு நின்றார்கள். “மறைப்பு எங்கய்யா?” என்று ஒருவர் கோபித்துக்கொள்ள, முருகேசன் என்னைக் கண்ணால் காட்டி, எனக்கும் கேட்கிற அளவுக்குக் குரலைத் தாழ்த்தினார்:

“படிச்ச பொம்பள புதுத் தகரத்த குடுத்து இத்த கேக்குதுன்னா, இதுக்குள்ள இன்னாமோ கீது சாமி.”

வைக்கோல்

பசை நானே காய்ச்சுவேன். மைதா மாவில் மயில்துத்தம் என்கிற நீல உப்பைக் கொஞ்சம் கலந்தால் பூச்சி அரிக்காது. அப்படிக் காய்ச்சிய பசையில் வைக்கோலை வரி வரியாக ஒட்டி, அறுவடை முடிந்த வயலை ஒரு பெரிய பலகையில் கொண்டுவந்திருந்தேன். வாசலில் காயவைத்துவிட்டு உள்ளே போனேன். திரும்பி வந்தால், பின் வீட்டுக் கன்னியம்மாவின் பசு என் வயலை மேய்ந்துகொண்டிருந்தது.

என் கணவர் ஓடிவந்தார். படத்தை அவர் பார்க்கவே இல்லை. “துத்தம் எவ்வளவு போட்டே?” என்றார். அப்போதுதான் அது பசுவுக்கும் விஷம் என்று எனக்கு உறைத்தது. கன்னியம்மாவின் கணவர் ஏழுமலை லாரி டிரைவர், ரோட்டிலேயே வாழ்கிறவர். வீட்டில் அடுப்பு எரிவது அந்தப் பசுவின் பாலில்தான். மருந்து கொடுத்துவிட்டு, பொழுது சாயும்வரை நாங்கள் மூவரும் பசுவைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். என் படத்தைப் பார்க்க அதற்கு முன்னாலும் பின்னாலும் யாரும் அவ்வளவு நேரம் உட்கார்ந்ததில்லை. கடைசியில் பசு எழுந்து, உடம்பைச் சிலிர்த்து, சாணி போட்டது. என் கணவர் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கன்னியம்மாவுக்கு மட்டும் வேறு கவலை. மிச்சமிருந்த பாதி வயலைக் குனிந்து பார்த்துக் கேட்டாள்:

“எதப் போட்டாலும் துன்ற மாடு, பாதில வச்சிட்டு வந்துடுச்சே, அப்டி இன்னாத்ததான் வரஞ்ச?”

காக்கிச் சட்டை

அதற்கடுத்த வருஷம், பெங்களூர் ரோட்டில் லாரி கவிழ்ந்து ஏழுமலை செத்துப்போனார். காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு மத்தியானம் கன்னியம்மா வந்து, மடித்த காக்கிச் சட்டை ஒன்றை என் மடியில் வைத்தாள். வீட்டில் அவருடைய போட்டோ ஒன்றுகூட இல்லையாம். ஸ்ரீபெரும்புதூரில் ஸ்டூடியோ இருந்தது. போக அவருக்கு ஒழியவில்லை. “சாக்கு, தகரம் எல்லாம் ஒட்றியே கம்பவுண்டரம்மா, இத்த வச்சி அந்தாள பண்ணிக் குடு” என்றாள்.

நான் பயந்துபோனேன். அதுவரை நான் ஒட்டியதெல்லாம் யாருக்கும் வேண்டாத சாமான்கள். முகம் வரையலாமென்று கரித்துண்டை எடுத்தால், லாரி ஜன்னலில் ஒரு முழங்கையைத் தவிர ஏழுமலையைப் பற்றி எனக்கு வேறொன்றும் ஞாபகமில்லை. சட்டையை விரித்துப்போட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். காலரில் எண்ணெய்க் கறை. பாக்கெட் ஓரம் பீடி சுட்ட ஓட்டை. ஒரு பொத்தான் மட்டும் வேறு நிறம். அது கன்னியம்மா தைத்ததாக இருக்கும். இதில் நான் சேர்க்க என்ன இருக்கிறது? கத்தரிக்கோலை எடுத்து உள்ளே வைத்தேன். பலகை முழுக்கத் தாரை மெல்லியதாகப் பூசி, சட்டையை அப்படியே, கை மடிப்புகூடக் கலைக்காமல் பதித்தேன். காலருக்கு மேலே வெறும் கறுப்பு.

அவள் பார்க்க வந்தபோது நான்தான் முந்திக்கொண்டேன். முகம் வரவில்லை கன்னியம்மா, என்னை மன்னிச்சுடு என்றேன். அவள் விரலால் அந்த வேறு நிறப் பொத்தானைத் தொட்டாள். பிறகு, என்னைத் தேற்றுகிற குரலில் சொன்னாள்:

“அந்தாளு உசுரோட இருக்கச்சொல்லயும் நான் மூஞ்சியப் பாத்ததவிட சட்டையத் தோச்சதுதாம்மா ஜாஸ்தி.”

மதராஸ்

என்னோடு படித்தவர்கள் சேர்ந்து மதராஸில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். எனக்கும் ஒரு சுவர் கிடைத்தது. இதிலும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லையென்றால் பலகைகளை விறகுக்குப் போட்டுவிடுவது என்று மனசுக்குள் முடிவுசெய்திருந்தேன். கன்னியம்மாவிடம் கேட்டு அந்தச் சட்டைப் படத்தையும் வாங்கிக்கொண்டேன். “அந்தாள தனியா அனுப்ப மாட்டேன்” என்று அவளும் பஸ் ஏறிவிட்டாள்.

தாரையும், வேறு யாரிடமோ கேட்டு வாங்கிய தகரத்தையும் தாண்டிப்போன கூட்டம் சட்டையின் முன்னால் நின்றது. ஜிப்பா போட்ட ஒருவர், அந்தக் கறுப்பு நவீன மனிதனின் சூன்யம் என்று எல்லாருக்கும் விளக்கினார். பீடி ஓட்டைக்கும் ஏதோ அர்த்தம் வைத்திருந்தார். பக்கத்தில் கன்னியம்மா வாயைப் பொத்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். அப்போதுதான் பட்டுச் சட்டை போட்ட ஒரு பணக்காரர் வந்து, இதைத் தன் வீட்டு ஹாலில் மாட்டவேண்டும், என்ன விலை ஆனாலும் சரி என்றார். என் நண்பர்கள் என்னைக் கிள்ளினார்கள். என் வாழ்நாளில் ஒரு படத்தை ஒருவர் விலைக்குக் கேட்பது அதுதான் முதல் தடவை. இது என்னுடையது இல்லை, இவங்களோடது என்று கன்னியம்மாவைக் காட்டினேன். அவர் அவளிடம் திரும்பி, ரொம்ப மரியாதையாகவே கேட்டார். அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். கோபமே இல்லாமல், வழி சொல்கிற மாதிரி சொன்னாள்:

“இது எங்கூட்டுக்காரரு சட்டைங்க. ஒங்களுக்கு வோணும்னா ஒங்க சட்டையக் கழட்டிக் குடுத்துட்டுப் போங்க, அம்மா ஒட்டித் தரும்.”

பலகைகளை நான் விறகுக்குப் போடவில்லை, இன்றும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். இந்தத் தொழிலுக்கு வேண்டிய சாமான் எல்லாமே யாரையாவது கேட்டால் கிடைத்துவிடுகிறது, ‘நல்லாயிருக்கு’ என்ற ஒரு வார்த்தையைத் தவிர.