இந்திரகுமார் செய்த சோதனை மேடை

தெரணியகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில், மூடிக் கிடந்த தேயிலை ஸ்டோருக்கு, அதாவது தொழிற்சாலைக்கு, வாச்சராக இருந்தவர் இந்திரகுமார். இரத்தினபுரியில் தொழில்நுட்பக் கல்லூரிப் படிப்பை ஒழுங்காக முடித்தவர். அந்தப் படிப்புக்குக் கிடைத்தது ஒரு சாவிக்கொத்து. தொழிலாளர் லயத்துப் பிள்ளைக்கு இதுவே பெரிய உத்தியோகம் என்று தோட்டத்துத் தொரை நினைத்திருப்பார். அவருக்கு அவ்வளவு தாராள மனசு.

ஸ்டோரின் மேல்மாடியில் கொழுந்தை வாடப்போடும் நீளத் தொட்டிகள் இருந்தன. தொட்டியில் கம்பிவலை விரித்திருக்கும். வலைக்குக் கீழிருந்து பெரிய ஃபேன் ஒன்று காற்றைத் தள்ளும். நல்ல காலம், கரண்டை யாரும் வெட்டியிருக்கவில்லை. முதல்முறை அந்த ஃபேனைப் போட்டுப் பார்த்தபோதே இந்திரகுமாருக்குக் கொழுந்து நினைவு போய்விட்டது. ஆளில்லாமல் தானாகப் பறக்கிற ஒரு சின்ன இயந்திரம் செய்ய வேண்டுமென்று கல்லூரி நாளிலிருந்தே அவருக்கு ஒரு பைத்தியம் உண்டு.

அப்படியொன்றைச் செய்த கையோடு வானத்தில் விட முடியாது. விட்டால் விழும், விழுந்தால் அத்தனை உழைப்பும் சுக்குநூறு. ஆகவே முதலில் ஒரு சோதனை மேடை வேண்டும். வலைக்கு மேலே ஓர் இரும்பு வளையத்தை நிறுத்தினார். அதற்குள் இன்னொரு வளையம், அதற்குள் இன்னொன்று. நடுவில் இயந்திரத்தைப் பூட்டினால் எந்தப் பக்கமும் சாயும், புரளும், ஆனால் கீழே விழாது. காற்றைக் கூட்டிக் குறைத்து அதைத் தள்ளாட வைப்பார். யாரும் தொடாமல் அது தானே நிமிர வேண்டும். மோட்டார் முதலான சாமான்களை, பஜாரில் ரேடியோ திருத்தும் ஹலீம் கொழும்பிலிருந்து வாங்கி வந்தார். வெகுகாலம் அந்தச் சனியன் கவிழ்ந்தே கிடந்தது. 2007 பிறந்த கையோடு ஒரு மத்தியானம், காற்று மோத, சாய்ந்து நடுங்கி நேராக நின்றது. ஹலீம் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. வடக்கிலிருந்து வந்த புலிகளின் விமானம் கட்டுநாயக்க விமானத்தளத்தில் குண்டு போட்டது. பறக்கிற எதையாவது ஒரு தமிழன் வைத்திருந்தால் என்ன நடக்கும் என்பதை அதற்குப் பிறகு யாரும் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் மனைவி சீதாதேவி சொன்னார்:

"ஒடைச்சுப் போடுங்க. இல்லாட்டி ஹலீம் நானா பேருக்கு மாத்திவுடுங்க. புள்ளைங்கள இழுத்துக்கிட்டு ஒங்கள தேடி நா கேம்பு கேம்பா அலைய மாட்டேன்."

உடைக்க மனசு வரவில்லை. இயந்திரத்தோடு மேடை ஹலீமின் கடைக்குப் பின்னாலிருந்த கொட்டிலுக்குப் போனது. கேட்டவர்களிடமெல்லாம் ஹலீம் தன் வேலை என்றே சொன்னார். கேட்டவர்களில் ஒருவர் கொழும்புக் கம்பெனி ஒன்றின் பெரிய இன்ஜினியர். அவருக்குப் பிடித்துப்போய், மேடை கொழும்புக்குப் போயிற்று, கூடவே ஹலீமும் வேலைக்குப் போனார். ஹலீம் கெட்டவரல்ல. ஊருக்கு வரும்போதெல்லாம் அடுத்து என்ன செய்வதென்று இந்திரகுமாரிடம் கேட்டுக்கொண்டுதான் திரும்புவார்.

"சண்டை முடியட்டும், ஒங்கட பேர நானே சொல்றன்" என்று சத்தியமும் செய்திருந்தார்.

2009இல் சண்டை முடிந்தது. பஜாரில் வெற்றிக்குக் கொளுத்திய வெடிச் சத்தம் ஓய்ந்ததும் இருவரும் கொழும்புக்கு பஸ் ஏறினார்கள். கம்பெனி ஃபேனுக்கு மேலே புதுப் பெயின்ட் பூசி நிறுத்தியிருந்த வளையத்தை இந்திரகுமார் தொட்டுப் பார்த்தார். ஹலீம் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். இதை உருவாக்கியவர் இவர்தான், பயத்தில் மறைத்துவிட்டோம் என்று இன்ஜினியரிடம் சிங்களத்தில் சொல்லி முடித்தார்.

இன்ஜினியரின் முகம் மாறியது. அப்படியானால் யுத்த காலத்தில் ஒரு தமிழன் ஒளிந்திருந்து பறக்கும் இயந்திரம் செய்திருக்கிறான், நீ அவனை மறைத்திருக்கிறாய், அப்படித்தானே என்று கேட்டார். கேட்டுக்கொண்டே போனைக் கையில் எடுத்தார். ஹலீமுக்கும் சின்னப் பிள்ளைகள் இருந்தார்கள்.

இந்திரகுமாருக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. அவர் சிரித்தார்.

"இல்லை சேர், இவர் என்னைப் பெரிய ஆளாக்கப் பார்க்கிறார். நான் ஃபேனுக்கு சுவிட்ச் போட்டவன்."

இன்ஜினியரும் சிரித்துவிட்டார். போனை மேசையில் வைத்து, சரி, போய்ப் போடு என்றார். இந்திரகுமார் போட்டார். இயந்திரம் சாய்ந்து, நடுங்கி, நிமிர்ந்தது. அது ஏன் விழவில்லை என்பதை இன்ஜினியர் அவருக்குப் புரியும்படி மெதுவாக, நல்ல மனசோடு விளக்கினார். கையைக் கட்டிக்கொண்டு இந்திரகுமார் கடைசி வரைக்கும் கேட்டார்.