சோலைமலை கடை போட்ட காரணம்

டயகம பஜாரில் சோலைமலை சலூன் போட்டபோது ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். காசு ஆசை வந்துவிட்டது என்றார் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. திமிர் என்றார் செல்லசாமிக் கங்காணி. பெண்சாதி சொல்கேட்டு ஆடுகிறான் என்று பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கிற பெண்கள் பேசிக்கொண்டார்கள். அந்தப் பெண்சாதி வீரம்மா கடை விஷயம் கேள்விப்பட்டு முழுசாகப் பத்து நாள் அவரோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. அவள் தலையில் போய்ப் பழியைப் போட்டார்களே, அந்தக் கொடுமையை என்ன சொல்வது. சோலைமலையிடமே கேட்டால் ஆளைப் பார்த்து ஒரு பதில் சொல்வார். குந்தி உட்கார முழங்கால் ஒத்துழைக்கவில்லை என்பார். நாலு காசு சேர்க்கலாமென்றுதான் என்பார். உண்மையை மட்டும் சொல்லமாட்டார்.

அவர் டயகமவுக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தின் நாவிதர். அப்பா முசிறிப் பக்கமிருந்து இலங்கைக்குக் கப்பலேறி வந்தவர். அப்பாவுக்குப் பிறகு கத்தியும் தகரப் பெட்டியும் மகன் கைக்கு வந்தன. மலைக்கு வேலைக்குப் போகாமலே செக்ரோல் என்கிற கூலிப் பேரேட்டில் தினமும் ஒரு பேர் போடுவார்கள், ஒரு நாள் கூலி. அதற்குக் கைம்மாறாக நாலு லயத்து வரிசைவீடுகளில் உள்ள தலையும் தாடியும் அவர் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பீலிக்கரைக்குப் பக்கத்தில் பெட்டியைத் திறந்து வைத்துக் குந்திவிடுவார். எதிரே ஒரு கல். முந்தி வந்தவர் முந்தி உட்காரலாம்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அந்த வரிசை செல்லாது. கங்காணி வந்தால் கல்லில் இருப்பவர் எழுந்துவிட வேண்டும். ஒரு கன்னம் வழித்து மறு கன்னம் சோப்பு நுரையோடு இருந்தாலும் சரி. துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு ஓரமாய் நின்று ஊர்க்கதை பேசுவார்கள். கங்காணிக்கு முடிந்ததும் மறுபடி வந்து உட்காருவார்கள். இப்படி ஒரு சட்டத்தை யார் போட்டார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. யாரும் அதை அவமானமாக எடுத்துக்கொண்டதும் இல்லை. சோலைமலையும் இருபது வருஷமாக அதைப் பற்றி ஒரு நிமிஷம் யோசித்ததில்லை. கத்தியைக் கழுவிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்.

ஐம்பத்து மூன்றாம் வருஷம் தோட்டத்துத் தொழிலாளி அழகுமுத்துவின் தாயார் காளியாயி காலமானாள். புருஷன் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டப் போன இடத்தில் செத்த பிறகு, கொழுந்து பறித்தே அந்த ஒற்றைப் பிள்ளையை ஆளாக்கியவள். பதினாறாம் நாள் காரியம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விழுந்தது. ஓடைக்கரையில் வாழையிலை போட்டுச் சோறு வைத்தாயிற்று. மகன் தலைமுடியும் மீசையும் இறக்கிவிட்டுக் குளித்து வந்து பிண்டம் கரைக்க வேண்டும். சோலைமலை தண்ணீர் தெளித்துத் தலையை ஊறவைத்து வழிக்க ஆரம்பித்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. வலப்பக்கம் மழித்து முடிந்து இடப்பக்கத்துக்குக் கத்தியைத் திருப்புகிற நேரம், பின்னால் யாரோ இருமினார்கள்.

செல்லசாமிக் கங்காணி நின்றுகொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, கறுப்புக் கோட்டு, கையில் குடை. அட்டனில் யாரோ பெரிய மனிதர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகிறார் போலிருந்தது. முகத்தில் இரண்டு நாள் தாடி. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இருமினார், அவ்வளவுதான்.

"எந்திரிங்கண்ணே, கங்காணி ஐயா வந்திருக்காரு" என்று சோலைமலையின் வாய் சொல்லிவிட்டது.

அழகுமுத்து எழுந்து ஓடைக்கரையில் போய் நின்றார். பாதித் தலை மொட்டை, பாதித் தலை முடி. ஈர வேட்டியோடு மழையில் நின்றார். கங்காணிக்கு முகச்சவரம் ஆகி, காதோரம் சரிசெய்து, மூக்கு முடியும் கத்தரித்து முடிய அரைமணி நேரம் ஓடியது. சொந்தக்காரர்கள் குனிந்த தலை நிமிரவில்லை. இலையில் வைத்த சோற்றில் மழை விழுந்து அது கூழாகப் போயிருந்தது. அழகுமுத்து திரும்ப வந்து உட்கார்ந்தபோது சோலைமலை அவர் கண்ணைப் பார்க்காமலே மிச்சத்தை வழித்து முடித்தார். பெற்ற தாய்க்குச் செய்கிற கடனில் போய் இப்படி ஒரு வார்த்தை சொன்னோமே, நாமெல்லாம் மனுஷனா என்று மனசு கிடந்து துடித்தது.

அதற்குப் பிறகு அழகுமுத்து அவரிடம் தலை கொடுக்கவில்லை. தாடி வளர்த்தார். மாசத்துக்கு ஒருதரம் நாலு மைல் நடந்து பக்கத்துத் தோட்டத்து நாவிதரிடம் போனார். வழியில் எதிர்ப்பட்டால் "என்னா சோலைமலை" என்பார், நிற்காமல் போய்விடுவார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று சோலைமலை பலமுறை புறப்பட்டார். ஒவ்வொரு முறையும் பாதி வழியில் ஒரு நினைப்பு வந்து மறித்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கங்காணி வந்து இருமினால் என்ன செய்வோம்? எந்திரிங்கண்ணே என்றுதானே சொல்வோம். கங்காணி போடச் சொன்ன பேரில் வயிறு வளர்க்கிறவன் வேறு என்ன சொல்ல முடியும்? திரும்பச் செய்யப்போகிற தப்புக்கு மன்னிப்புக் கேட்பது ஏமாற்று வேலை. யாரையும் எழுப்பிவிடத் தேவையில்லாத ஒரு நாற்காலி வேண்டும். அது தன்னுடையதாக இருக்க வேண்டும். அதில் அழகுமுத்து ஒருதரம் வந்து உட்கார வேண்டும். இதுதான் காரணம், வேறொரு மண்ணும் இல்லை. ஆனால் இதை வெளியே சொன்னால் யார் நம்புவார்கள்?

வீரம்மாவிடம்கூட முழுசாகச் சொல்லவில்லை. பத்து நாள் கழித்து அவளே வாயைத் திறந்தாள்.

"ஒழுங்காப் பேரு விழுது. அரிசி வருது. அத வுட்டுப்புட்டு பஜாருல போயி எவன் தலைய எதிர்பாத்துக் குந்தப் போறீங்க?"

"குந்த மாட்டேன் புள்ள. நின்னுதான் செய்யணும். அவுங்கதான் நாக்காலியில உக்காருவாங்க."

"நின்னுக்கிட்டே பட்டினி கெடக்கப் போறீங்க. கடை படுத்துருச்சுன்னா திரும்பத் தோட்டத்துல சேப்பாங்களா?"

"சேக்க மாட்டாங்க."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். மனுஷன் விளையாடவில்லை என்று தெரிந்தது. "நாம குடியிருக்குற காம்பிரா எம்பேருல இருக்கட்டும். நான் கொழுந்துக்குப் போறேன். ஒங்க கூத்து எத்தன மாசம் ஓடுதுன்னு பாப்போம்" என்றாள். சரி என்று அவள் வாயால் சொன்னதே கிடையாது. அவளுடைய சரி இந்த மாதிரித்தான் வரும்.

தோட்டத்தை விடுவதாகப் போய்ச் சொன்னதும் கங்காணி சிரித்தார். "நெனச்சா வர்றதுக்கும் போறதுக்கும் இது சத்திரம் இல்ல, தெரியுமுல்ல? வீரம்மா பேருல காம்பிரா இருக்குன்னு தைரியமாக்கும். அந்தப் பேரும் நான் சொல்லிப் போடுறதுதான்." வாரம் ஒன்று ஆவதற்குள் பொகவந்தலாவைப் பக்கமிருந்து வேறொரு நாவிதரைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். இனித் திரும்புகிற வழி இல்லை என்பது சோலைமலைக்கு நன்றாக விளங்கியது.

பலசரக்குக் கடை கணேசமூர்த்தி முதலாளி தன் கடைக்குப் பக்கத்துச் சாய்ப்புக் கொட்டகையை வாடகைக்குக் கொடுத்தார். தச்சாசாரி ஒருவர் கைப்பிடி வைத்து, தலை சாய்க்கப் பலகை வைத்து ஒரு நாற்காலி செய்து தந்தார். எதிரே ஓரம் ரசம்போன ஒரு கண்ணாடி. சுவரோரம் மூன்று பேர் உட்காரும் பெஞ்சு. ஐம்பத்தைந்து தைப்பூசம் கழிந்த வாரம் கற்பூரம் கொளுத்திக் கடையைத் திறந்தார்.

முதல் ஞாயிறு ஒரு ஈ காக்கை வரவில்லை. தோட்டத்தில் இருந்த இடத்தில் ஆகிற வேலைக்கு யார் மூன்று மைல் இறங்கி வருவார்கள்? சோலைமலை நாற்காலியைத் துடைத்தார். கண்ணாடியைத் துடைத்தார். துடைத்த நாற்காலியை மறுபடி துடைத்தார். தலவாக்கலை பஸ் டிரைவர் பியசேனதான் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார். அவர் சிங்களத்தில் ஏதோ கேட்க, இவர் தெரிந்த சிங்களத்தில் ஏதோ சொல்ல, இரண்டு பேருக்கும் பாதிதான் புரிந்தது. ஆனால் கிராப்பு நன்றாக அமைந்தது. பிறகு கடைச் சிப்பந்திகள் வந்தார்கள். தபாற்கந்தோர் ஆள் வந்தார். தோட்டத்தில் மீசை முளைக்காத பயல்கூட வா போ என்று கூப்பிட்ட மனிதரை பஜாரில் "வாங்க, போங்க" என்றார்கள். முதல் தடவை கேட்டபோது யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று சோலைமலை பின்னால் திரும்பிப் பார்த்தார்.

வீரம்மா தினமும் சாயங்காலம் ஒரே கேள்விதான் கேட்பாள். "இன்னிக்கி எத்தன தலை?" அவர் சொல்வார். எத்தனை தலை என்றாலும் அவர் தேடிய தலை அதில் இல்லை. அழகுமுத்து ஞாயிறுதோறும் பஜாருக்கு வந்தார். அரிசி வாங்கினார், வெற்றிலை வாங்கினார். சலூன் வாசலைத் தாண்டும்போது மட்டும் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு போனார்.  சோலைமலை கத்தியை வைத்துவிட்டு வாசல்வரை வருவார், கூப்பிடாமலே திரும்பிவிடுவார். இப்படியே இரண்டு வருஷம் போயிற்று.

புது நாவிதர் ஒருநாள் செல்லசாமிக் கங்காணியின் மோவாயில் கத்தியை இழுத்துவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சலூன் வாசலில் கங்காணி வந்து நின்றார். பழக்கம் விடுமா, இருமினார்.

நாற்காலியில் பியசேன இருந்தார். முகம் முழுக்க நுரை. இருமியது கங்காணியா கழுதையா என்று அவருக்கு என்ன கவலை, கண்ணைக்கூடத் திறக்கவில்லை. பெஞ்சில் காத்திருந்த தோட்டத்து ஆள் இரண்டு பேர் மட்டும் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். சோலைமலை கத்தியை நிறுத்தினார். காம்பிரா ஞாபகம் வந்தது, கூடையும் கையுமாக மலை ஏறுகிற வீரம்மா ஞாபகம் வந்தது. இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே இத்தனையும்.

"சித்த பெஞ்சில உக்காருங்க ஐயா. இவருக்கு அடுத்து இந்த ரெண்டு பேரு. அதுக்குப் பொறகு ஒங்களுக்கு" என்றார்.

கங்காணி அவரைப் பார்த்தார். பெஞ்சைப் பார்த்தார். மோவாயைத் தடவினார். பிறகு உட்கார்ந்தார். கிடந்த பழைய பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது. வானமும் இடியவில்லை, காம்பிராவும் போகவில்லை. ஆனால் சோலைமலைக்குச் சந்தோஷமாக இல்லை. பார்க்க வேண்டிய மனிதர் அங்கே இல்லையே.

மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை, வேலைநாள். பஜாரில் ஆள் நடமாட்டம் இல்லை. கத்தி தீட்டிக்கொண்டிருந்த சோலைமலை வாசலில் நிழல் தட்டி நிமிர்ந்தார். அழகுமுத்து. தாடியும் பரட்டைத் தலையுமாக நின்றார். உள்ளே வந்து, பெஞ்சைத் தாண்டி, நேராக நாற்காலியில் உட்கார்ந்தார்.

சோலைமலை துணியைப் போர்த்தினார். பின்னால் முடிச்சுப் போட்டார். நாலு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தது அப்போதுதான் வெளியே வந்தது.

"அண்ணே, அன்னிக்கி ஆத்தா காரியத்துல நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுங்க. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தக் கடையே போட்டேன். நீங்க எங்கிட்டத் தலை குடுக்காமப் போனது நாயந்தான்."

அழகுமுத்து கண்ணாடியில் அவரைப் பார்த்தார். "என்னா வார்த்த?"

"எந்திரிங்கன்னு சொன்னேனேண்ணே."

"நீயா சொன்ன?" அவருக்கு நிஜமாகவே ஒன்றும் விளங்கவில்லை. "எனக்குக் காதுலயே விழலியேப்பா. கங்காணி இருமுனாரு, எங்காலு தானா எந்திரிச்சிருச்சு. நீ என்னா சொன்னேன்னு யாரு கண்டா."

சோலைமலை கையில் எடுத்த கத்தியைக் கீழே வைத்தார்.

"பெத்தவளுக்குச் செய்யிற காரியத்துல பாதித் தலையோட எந்திரிச்ச பய நானு. ஒக்காந்திருந்தா கழுத்தையா வெட்டியிருப்பாங்க? அதப் பக்கத்துல இருந்து பாத்தவன் நீ. அதான் ஒம் மூஞ்சியப் பாக்க வெக்கமாப் போச்சு. ஒம் மேல எனக்கென்னா கோவம்?" துணிக்குள்ளிருந்து கையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இங்க கங்காணி பெஞ்சில உக்காந்திருந்தாருன்னு சொன்னாங்க. பொய்யின்னுதான் நெனச்சேன்."

"நெசந்தாங்க."

"எத்தன நேரம்?"

"முக்கா மணி நேரம் இருக்குங்க."

அழகுமுத்து தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு கைப்பிடி இரண்டையும் பிடித்துக்கொண்டு, தலையைப் பலகையில் சாய்த்தார்.

"இன்னிக்கி ஆத்தாளுக்குத் தெவசம். வேலைக்குப் போவல. முழுசா எடுத்து வுட்டுரு, சோலைமலை. ஒரே இருப்புல."

சோலைமலை போய்க் கதவைச் சாத்தினார். வெந்நீர் எடுத்து வந்து, அந்தத் தலையில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, ஊறும்வரை கையால் தேய்த்தார்.